துவக்குக் கொப்பி

இல்லைத் தம்பி, தேத்தண்ணி வேண்டாம். நான் ஆறுதலா இருந்து கதைக்க வரேல்லை. சரி, இருக்கிறன், மூண்டு மாடி ஏறி வந்த முழங்கால். கீழை மரக்கறிக் கடையிலை கேட்டனான், மேலை முத்திரை குத்துற கிறிஸ்தோப்பர் நிக்கிறாரோ எண்டு. நிக்கிறியள், நல்லதாப் போச்சு. அந்த உருண்டை முத்திரையை எடுத்து மேசையிலை வையுங்கோ. நான் இறங்கிப் போகேக்கை அது ஒரு புதுப் பேப்பரிலை குத்துப்பட்டிருக்கவேணும். நாளைக்குக் காலமை பத்து மணிக்குப் பொலிஸ் கொமிசாரியாவுக்கு வரச்சொல்லி எனக்குக் கடிதம் வந்திருக்கு.

ஓம், புனிதவதி நான்தான். உங்கடை பேப்பரிலை நாலு இடத்திலை வருது என்ரை பேர். மடம் ஆலீஸ் வீட்டிலை ஏழு வருசம் வேலை செய்தனான். குளிக்க வாக்கிறது, சமைக்கிறது, நேரத்துக்குக் குளிசை எடுத்துக் குடுக்கிறது. இந்த மாசியிலை அவ செத்துப்போனா, எண்பத்தாறு வயசு. அவவின்ரை கூடப்பிறந்த வழியிலை பெறாமகன் எரிக், வீட்டை ஒதுக்கேக்கை குசினி லாச்சிக்குள்ளை என்ரை கொப்பியைக் கண்டிருக்கிறார். திகதி, தமிழ் எழுத்து, கிராம் கணக்கு. பக்கத்திலை அவவின்ரை குளிசைப் பெட்டி. ஆருக்கும் யோசினை வரும்தானே. உங்களிட்டைக் கொண்டு வந்தார், நீங்கள் பிரெஞ்சிலை மாத்திக் குடுத்தியள், அவர் அதைக் கொண்டுபோய்ப் பொலிசிலை குடுத்தார். அவரிலை எனக்குக் கோவமில்லை. உங்கடை பேப்பரை வாசிச்சா நானே என்னைப் பிடிச்சுக் குடுத்திருப்பன்.

இந்தாங்கோ, கேளுங்கோ. மூண்டாம் பக்கம். கிழவிக்கு மருந்து ஒண்டு தசம் ரெண்டு கிராம், கூடிப்போச்சு, உதைக்கிறாள். நாலாம் பக்கம். இன்னும் கொஞ்சம் கூட்டிப் பாத்தன், வயிறு ஊதிக் கழுத்து வெடிச்சிட்டுது. ஆறாம் பக்கம். தொண்டை முழுக்கக் கரி, வாயாலை சுடுதண்ணி ஊத்திக் கம்பியாலை சுரண்டினன், எண்ணெய் பூசிப் படுக்க வைச்சன், இப்ப சுகம்.

என்ரை மகள் கஜனிதான் இதை எனக்கு வாசிச்சுக் காட்டினவள். ஸ்தேனிலை எங்கடை வீட்டு மேசையிலை வைச்சு. அவள் இஞ்சை பிறந்தவள், தமிழ் எழுத்து வாசிக்க மாட்டாள், உங்கடை பிரெஞ்சைத்தான் வாசிச்சாள். ஆறாம் பக்கத்தோடை நிப்பாட்டிப்போட்டு என்னை நிமிந்து பாத்தாள். அம்மா, செ குவா சா, என்ன இது எண்டாள். பெத்த பிள்ளை, தம்பி! என்ரை கையாலை சாப்பிட்டு வளந்த பிள்ளை ஒரு அடி பின்னாலை போய் நிண்டு கேக்கிறாள். பொலிசுக்கு நான் பயப்பிடேல்லை. அந்த ஒரு அடிக்குத்தான் இந்த மூண்டு மாடி ஏறினனான்.

இல்லை, அந்த முப்பத்தோராம் பக்கத்தை இப்ப விடுங்கோ. வருவம் அதுக்கு. முதல் இதை முடியுங்கோ.

கிழவி ஆர் எண்டு ஒருக்கா என்னட்டைக் கேட்டிருக்கலாம்தானே? என்ரை தொலைபேசி நம்பர் கொப்பியின்ரை மட்டையிலையே கிடக்கு. கிழவி மனிசி இல்லைத் தம்பி. கிழவி ஒரு துவக்கு.

பாத்தியளோ, இப்பவும் முழிக்கிறியள். துவக்கு, துவக்கு! ஃபுசி! உங்கடை புதுச்சேரியிலை துவக்கு எண்டா தொடங்கு எண்டு அர்த்தமாம், இப்பதான் எனக்கும் தெரியும். எங்கடை பக்கத்திலை துவக்கு எண்டா சுடுற துவக்கு, உங்கடை துப்பாக்கி, பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். மட்டையிலை நான் வடிவாப் பெரிசா எழுதியிருக்கிறன், துவக்குக் கொப்பி எண்டு. நீங்கள் அதை ஆரம்பக் கொப்பி எண்டு போட்டிருக்கிறியள். எரிக் என்ன கேக்கிறார் தெரியுமோ? ரெண்டாங் கொப்பியை எங்கை ஒளிச்சு வைச்சிருக்கிறாய் எண்டு கேக்கிறார். துவக்குத் துடைச்சன் எண்டு ஒவ்வொரு ஞாயிறும் எழுதியிருக்கிறன். நீங்கள் ஒவ்வொரு ஞாயிறும் என்னைத் துடைக்கத் தொடங்க வைச்சிருக்கிறியள். என்னத்தைத் துடைக்க? ரத்தத்தையோ?

அதோடை சன்னம். சிரிக்காதேங்கோ, சிரிக்கிற நிலையிலை நான் இல்லை. உங்களுக்குச் சன்னம் எண்டா மெல்லிசு, சன்ன அரிசி. எங்களுக்குச் சன்னம் எண்டா துவக்காலை பறக்கிற ஈயக் குண்டு. கிழவிக்குச் சன்னம் பத்து எண்டு நான் எழுத, கிழவி மெலிஞ்சு மெலிஞ்சு போறா எண்டு நீங்கள் பத்து இடத்திலை எழுதியிருக்கிறியள். மடம் ஆலீஸைத் தூக்கிக் குளியலறைக்குக் கொண்டுபோய் என்ரை நாரி முறிஞ்சது எனக்கெல்லோ தெரியும், எங்கை மெலிஞ்சவ!

மருந்து எண்டதிலை உங்களைப் பிழை சொல்ல ஏலாது, ஒத்துக்கொள்ளுறன். குளிசையும் மருந்துதான், பயிருக்கு அடிக்கிறதும் மருந்துதான், வெடிக்கிறதும் மருந்துதான். நான் வெடிமருந்து எண்டு முழுசா எழுதியிருக்கலாம். ஆனா தம்பி, என்ரை கொப்பி, என்ரை பாசை. ஒரு கண் தராசிலை, ஒரு கண் கொப்பியிலை, மருந்து எண்டாலே எனக்கு விளங்கும். உங்களுக்கு விளங்கவேணும் எண்டு நான் எழுதேல்லை.

ஏன், பொம்பிளை துவக்கு வைச்சிருக்கக் கூடாதோ? இல்லை, நீங்கள் சொல்லேல்லை, புருவம் சொல்லுது. இருங்கோ, சொல்லுறன்.

அது மடத்தின்ரை தேப்பன்ரை துவக்கு. ஆயிரத்தெண்ணூத்தித் தொண்ணூறுகளிலை செய்தது, அவ்வளவு பழசெண்டா வைச்சிருக்க இந்த நாட்டிலை அனுமதிப் பேப்பர் தேவையில்லை. மெல்லிய குழல், என்ரை சின்ன விரல் போகாது. ஒரு தரத்துக்கு ஒரு வெடி. பின்னாலை திறந்து ஒரு தோட்டாவை வைச்சு மூடிச் சுடவேணும், பேந்து திறந்து சுட்ட தோட்டாவின்ரை வெறுங் கோதை எடுத்துப்போட்டு அடுத்ததை வைக்கவேணும். மடம் இளமையிலை இதாலை சுட்டு வாங்கின கிண்ணங்கள் அலுமாரி நிறையக் கிடந்தது. வெள்ளிக்கிழமைகளிலை நான்தான் தூசி தட்டுறனான்.

அந்தச் சைஸ் தோட்டாவை இப்ப ஒரு கடையிலும் வாங்கேலாது. நாங்களே செய்யவேணும். சுட்ட கோதைக் கழுவி எடுத்து, அடியிலை புது அமோர்ஸ், அதுதான் அந்தச் சின்னப் பொட்டு வெடி, அதை அமத்தி, மருந்தை நிறுத்துப் போட்டு, உருக்கி வாத்த ஈயச் சன்னத்தை மேலை வைச்சு இறுக்கவேணும். மடத்துக்குக் கை நடுக்கம். நிறுத்த மருந்தெல்லாம் மேசை விரிப்பிலை கொட்டும். குசினி கூட்டுறவள் ஆர்? நான். கறுப்பு மருந்தை வக்கூம் மிசினாலை இழுத்தா வீடு பறக்கும் எண்டு கத்துவா. ஒரு நாள் எனக்குக் கோவம் ஏறிட்டுது. தாங்கோ இஞ்சை, நான் நிறுக்கிறன், நீங்கள் சும்மா இருங்கோ எண்டு பறிச்சன். அப்பிடித்தான் தொடங்கினது. இது தொடங்கினது, தம்பி, மற்றது துவக்கு.

உப்புப் போடுற கைதானே, ஒரு கிழமையிலை பிடிபட்டுது. மருந்து கூடினாச் சுடேக்கை தோளிலை உதைப்பாள், பழைய இரும்பு தாங்காது, கோதின்ரை வயிறு ஊதும், கழுத்து வெடிக்கும். நாலாம் பக்கம் அதுதான். குறைச்சா அவள் சாந்தம். ஆனா கறுப்பு மருந்துக்கு மேலை வெறுமை இருக்கக்கூடாது, இடம் விடாமல் நிரப்பவேணும். குறைச்ச அளவுக்கு ரவை போடுறது. ஓம், ரவை. உப்புமாக் கிண்டுற ரவைதான், இஞ்சை எல்லாரும் அதைத்தான் போடுறவை. சுட்டு முடிய அந்த மருந்து குழலுக்குள்ளை கரி பிடிக்கும், சுடுதண்ணி ஊத்திக் கழுவாட்டிக் குழலைக் கறள் தின்னும். அதுதான் ஆறாம் பக்கம். இதிலை எந்த இடத்திலை நான் மனிசியைக் கொலை செய்தனான், சொல்லுங்கோ பாப்பம்?

பிறகு திரான்சிக்கு அங்காலை துவக்குச் சுடுற ஒரு கிளப்புக்கு, ஞாயிற்றுக்கிழமைகளிலை மடத்தைத் தள்ளுவண்டிலிலை கொண்டு போவன். அவவாலை துவக்கைத் தூக்கேலாது. செய்து வைச்ச தோட்டா எப்பிடிப் போகுது எண்டு பாக்கவேணும்தானே, நீ சுடு எண்டா. சுட்டன். முதல் நாள் குறி மட்டையிலை ஒண்டும் படேல்லை. மூண்டாம் மாசம் அஞ்சு சன்னமும் ஒரு தேத்தண்ணிக் கோப்பை வாய் அளவு வட்டத்துக்குள்ளை. கிளப்பிலை ழாக் எண்டொரு கிழவர், முப்பது வருசமாச் சுடுறவர், வந்து மட்டையைப் பாத்துப்போட்டு, போய்த் தன்ரை மட்டையை மடிச்சுப் பைக்குள்ளை வைச்சார். அதைவிட வேறை என்ன மரியாதை வேணும்?

வைச்சிருக்கத்தான் பேப்பர் தேவையில்லை, கிளப்பிலை சுட லிசோன்ஸ் வேணும், இருக்கு, ஓம். இந்தா. ஒவ்வொரு வருசமும் டொக்டர் கையெழுத்து வைக்கவேணும், இந்த மனிசிக்குப் புத்தி சரியா இருக்கு, துவக்குக் குடுக்கலாம் எண்டு. உங்களுக்கு அப்பிடி ஆரும் எழுதித் தந்திருக்கினமோ?

எங்கடை சனம் விடுமோ! லா சப்பல் தமிழ்க்கடைத் தெரு முழுக்கக் கதை. கோயிலடியிலை தில்லைநாயகி அக்கா கேட்டா, துவக்குக்குப் பயந்து ஓடி வந்த சனம் நாங்கள், நீ போய் அதைத் தூக்குறியோ, உனக்கு விசரோ எண்டு. என்ரை மனிசன் மகாலிங்கமும் ஒரு மாசம் முகம் குடுத்துக் கதைக்கேல்லை. நான் சொன்னன், அக்கா, நான் ஓடினது உண்மை. வன்னியிலை என்ரை சொந்தத் தம்பியை ரெண்டாயிரத்தொன்பதிலை போரிலை பறிகுடுத்திட்டு நிக்கிறவள் நான், துவக்கு என்ன செய்யும் எண்டு எனக்கு நீங்கள் சொல்லித் தரவேண்டாம். அந்தத் துவக்குகள் கண்ணை மூடி முழிக்கிறதுக்குள்ளை முப்பது சன்னம் கக்கும், ஆரிலை பட்டது எண்டு சுட்டவனுக்கே தெரியாது. இது ஒண்டு. ஒண்டைச் செய்ய எனக்குக் கால் மணித்தியாலம், சுட ஒரு மூச்சு, அது எங்கை போகுது எண்டு கடைசிமட்டும் எனக்குத் தெரியும். போறது கடதாசி மட்டைக்கு. என்னைக் கேட்டா, உலகத்திலை எல்லாத் துவக்கும் இவளை மாதிரி இருந்திருந்தா என்ரை தம்பி இண்டைக்கும் இருப்பான். அக்கா வடை தந்தா.

என்னை வேலைக்கு அனுப்புற கந்தோரிலை கூப்பிட்டு இந்தப் பேப்பரைக் காட்டேக்கையும் நான் உண்மையைத்தான் சொன்னனான். மருந்து மடத்துக்கில்லை, துவக்குக்கு எண்டன். அங்கை மேசையிலை இருந்த பிள்ளை கதிரையோடை பின்னாலை தள்ளிப் போச்சுது. அண்டையோடை வேலையும் நிப்பாட்டி வைச்சிருக்கினம். கிழவியைப் பொலிஸ் எடுத்துக்கொண்டு போட்டுது. மடம் அவளை எனக்கெண்டு உயில் எழுதி வைச்சவ, அதையும் எரிக் சந்தேகமாத்தான் பாக்கிறார். துவக்குக்காண்டிக் கொலை செய்திட்டாளோ எண்டு.

எழுதுறியளோ? வடிவா எழுதுங்கோ. மெதிக்கமோ, அந்தக் குளிசை மருந்து, அதை வெட்டுங்கோ. பூத்ர் எண்டு மட்டும் போடாதேங்கோ தம்பி, அவங்கள் வேறை தூள் எண்டு நினைச்சு இன்னொரு வழக்குப் போடுவாங்கள். பூத்ர் நுவார். கறுப்பு மருந்து. ம். சன்னத்துக்குப் பிரெஞ்சிலை பால், குடிக்கிற பால் இல்லை. துவக்குக்கு ஃபுசி. கிழவிக்கு அடியிலை ஒரு குறிப்புப் போடுங்கோ, மேற்படி கிழவி இரும்பும் வால்நட் மரமும் எண்டு. உங்களுக்கு வெக்கமாத்தான் இருக்கும். முதல் எழுதினது பிழை எண்டு நீங்களே எழுதிக் கையெழுத்து வைக்கிறது லேசில்லை. ஆனா வைக்கத்தான் வேணும்.

சரி. முப்பத்தோராம் பக்கம்.

கண் நல்லாத்தான் வேலை செய்யுது உங்களுக்கு. ஓம், மற்ற எல்லாப் பக்கத்திலும் கிழவிக்கு எண்டு கிடக்கு, இதிலை மட்டும் மடத்துக்கு எண்டு கிடக்கு. மடத்துக்கு. சன்னம் ஒண்டு. மருந்து இல்லை. ரவை நிரம்ப. நீங்கள் எழுதினது, மடம் மெலிஞ்சிட்டா, மருந்து குடுக்கேல்லை, ரவை மட்டும் நிறையக் குடுத்தன். எரிக் அதிலைதான் பிடிச்சு நிக்கிறார். முதல் மருந்தைக் கூட்டிப் பாத்தாள், சரிவரேல்லை, பிறகு டொக்டர் தந்த மருந்தை நிப்பாட்டி வெறும் ரவைக் கஞ்சி குடுத்துச் சாகடிச்சாள் எண்டு.

போன வருசம் பங்குனி அது. எலும்புக்குள்ளை கான்சர் எண்டு சொல்லி மூண்டு கிழமை. கிளப்புக்குப் போறதெல்லாம் நிண்டிட்டுது. ஒரு புதன்கிழமை நான் சீப்பாலை தலை இழுத்து விட்டுக்கொண்டு நிக்கிறன், அவ சொல்லுறா, புனீ, ஒரே ஒரு தோட்டா செய். கிழவிக்குள்ளை போட்டு என்ரை பக்கத்திலை வைச்சிட்டு, லா சப்பலுக்குப் போய்ச் சாமான் வாங்கிக்கொண்டு ஆறுதலா வா எண்டு. அவ அழேல்லை. உப்பு முடிஞ்சுது எண்டு சொல்லுற மாதிரித்தான் சொன்னவ.

மாட்டன் எண்டு சொல்லியிருக்கலாம். டொக்டருக்குப் போன் அடிச்சிருக்கலாம். எரிக்குக்குச் சொல்லியிருக்கலாம், அதைத்தான் செய்திருக்கவேணும் எண்டு நாளைக்கு எனக்குப் படிப்பிப்பாங்கள். ஆனா அது நாலாம் மாடி, தம்பி. யன்னல் அவவின்ரை கட்டிலோடை. பிடிவாதக்காரி, மாட்டன் எண்டு சொல்லுறவளிட்டை ரெண்டாந்தரம் கேக்க மாட்டா. அதாலை நாளைக்கு எண்டன்.

அமோர்ஸை நல்லெண்ணெயிலை ஊறப்போட்டன், அது செத்துது, இனி வெடிக்காது. கோதுக்குள்ளை முட்ட முட்ட ரவை. காதடியிலை வைச்சுக் குலுக்கிப் பாப்பா எண்டு தெரியும், அசையக்கூடாது. ஏமாத்திறதெண்டா வடிவா ஏமாத்தவேணும். செய்து முடிய, கை தானாக் கொப்பியை எடுத்துது. எதைச் செய்தாலும் எழுதுற பழக்கம், எழுதிப்போட்டன். வியாழக்கிழமை கொண்டுபோய்ப் பக்கத்திலை வைச்சிட்டுக் கதவைச் சாத்தினன். கடைக்குப் போகேல்லை. கதவுக்கு வெளியிலை படியிலை இருந்தன்.

டிக் எண்டு ஒரு சத்தம். ஒண்டுதான்.

 நான் படியிலையே இருந்து நூறுமட்டும் எண்ணினன். பேந்து புனீ எண்டு கூப்பிட்டா. போனன். துவக்கு மடியிலை. நீ மருந்து போட மறந்திட்டாய் எண்டா. ஓம் மடம், மறந்திட்டன் எண்டன். இந்த வேலையிலை உப்பிடி மறக்கக்கூடாது எண்டா. ஓம் மடம் எண்டன். என்ரை முகத்தைப் பாத்துக்கொண்டே கிடந்தா. பேந்து சொன்னா, குசினி மேசையிலை கிடக்கிற ரவையிலை ஏதாவது செய்து தா, எனக்குப் பசிக்குது எண்டு. குசினி மேசையிலை என்ன கிடக்கு எண்டு கட்டிலிலை கிடக்கிறவவுக்கு எப்பிடித் தெரியும்? தேப்பன்ரை துவக்குக்கு எட்டு வயசிலை இருந்து தோட்டா செய்தவ. கையிலை வாங்கின உடனையே நிறை தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சுதான் இழுத்தவவோ, இழுத்த பிறகுதான் தெரிஞ்சுதோ, நான் கேக்கேல்லை. உப்புமாக் கிண்டினன். ரெண்டாந்தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டா. பேந்து ஒவ்வொரு வியாழனும் அதுதான் வேணும் எண்டு நிண்டா. தோட்டா கேக்கேல்லை. பதினொரு மாசம் இருந்தா தம்பி. கடைசியிலை ஆஸ்பத்திரிக் கட்டிலிலை, எரிக்கின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு, டொக்டர் தந்த மருந்தோடை அமைதியாத்தான் போனவ.

ஏன் பேனையை வைச்சிட்டியள்?

தெரியும். சாகப்போறன் எண்டு சொன்ன மனிசியின்ரை மடியிலை துவக்கை வைச்சனான் எண்டு இதை எழுதினா லிசோன்ஸைப் பறிப்பாங்கள், கிழவி திரும்பி வரமாட்டாள். எழுதாமல் விட்டா, மருந்து குடுக்காத வேலைக்காரி. இல்லை, நீங்கள் சுத்தி வளைச்சு ஏதோ எழுதித் தரவேண்டாம். துவக்கு வேணுமெண்டா அவங்களே வைச்சிருக்கட்டும், எண்ணெய் மட்டும் பூசச் சொல்லுங்கோ. கஜனி இந்தப் பக்கத்தையும் வாசிக்கவேணும். நாளைக்கு நானும் ஒரு சொல் விடாமல் சொல்லுவன், ஆருக்கும் தலை குனியமாட்டன்.

அந்தப் பக்கத்திலை சன்னத்தை மட்டும் திருத்துங்கோ. மற்றதிலை கை வைக்கவேண்டாம். மருந்து குடுக்கேல்லை எண்டு போட்டிருக்கிறியள்தானே? முழுக் கொப்பியிலும் நீங்கள் சரியா எழுதினது அது ஒண்டுதான். அவ கேட்ட மருந்தை நான் குடுக்கேல்லை. குத்துங்கோ முத்திரையை.